கணக்கு வராத பையன் திண்ணையில் என்ன ஆனான்?

மனக்கணக்கைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் நடுவில் ஒரு தாத்தா வந்துவிடுவார். மளிகைக் கடையில் உட்கார்ந்து, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, பதினேழு சாமானுக்கும் வாயாலேயே மொத்தம் சொல்லிவிடுவார். "அந்தக் காலத்துப் படிப்பே தனி, இப்ப இருக்கிற பசங்களுக்கு கால்குலேட்டர் இல்லாம கையே ஓடாது" என்று கதை முடியும். எல்லார் வீட்டிலும் இந்தத் தாத்தா உண்டு. எங்கள் வீட்டிலும் இருந்தார்.

அந்தத் தாத்தாக்களோடு அதே திண்ணையில் உட்கார்ந்திருந்த இன்னொரு பையனைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. ஏழாம் வாய்பாடு நாக்கில் நிற்காத பையன். எல்லாரும் கோரஸாகச் சொல்லும்போது வாயை மட்டும் அசைத்துவிட்டு, தனியாகக் கேட்டால் முழிக்கிறவன். இன்றைய எபிசோட் அவனைப் பற்றித்தான். இடம் அரியலூர், பெரம்பலூர் பக்கம். காலம் இன்றைக்கு ஏறக்குறைய 160 வருஷம் முன்பு.

ஏன் இந்த ஊர்கள்? எனக்குச் சொந்த ஊர்ப் பக்கம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இங்கே நமக்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறார். உ.வே.சாமிநாதையர். தமிழ்த்தாத்தா என்றால் தஞ்சாவூர், கும்பகோணம் என்றுதான் நமக்குப் பழக்கம். 1855-ல் உத்தமதானபுரத்தில் பிறந்தவர், சரி. ஆனால் அவருடைய அப்பா சங்கீதக்காரர், உடையார்பாளையம் ஜமீனோடு தொடர்புள்ளவர். அதனால் பையனின் சிறுவயது பெரும்பாலும் நம்ம ஊர்களில் சுற்றிச் சுற்றியே போனது. அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ். அப்புறம் குன்னம். பெரம்பலூருக்குப் பக்கத்துச் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை. அப்புறம் காரை. இதற்கெல்லாம் பிறகுதான் மாயூரத்துக்கு, மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம். இன்றைக்கு மேப்பில் பார்த்தால் அந்தப் பையன் நடந்த பாதையில் பாதி, பெரம்பலூர் அரியலூர் பஸ் ரூட்.

1940 ஜனவரியிலிருந்து அவருடைய 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942 ஏப்ரலில் அவர் இறந்தபோது தொடர் முடிந்திருக்கவில்லை. அதன் ஆரம்ப அத்தியாயங்களைத் திண்ணைப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்பதற்காகவே ஒருமுறை படிக்கலாம். பிரம்புக்குப் பஞ்சமே இல்லாத உலகம் அது. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். சரித்திரம் எழுதியது, படிப்பில் ஜெயித்தவர். தோற்றவன் தொடர்கதை எழுதவில்லை.

சரி, அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் யார் இருந்தார்கள்? தாமஸ் மன்றோ மதராஸ் கவர்னராக இருந்தபோது, 1822-ல் ஒவ்வொரு கலெக்டரிடமும் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். 1826-ல் வந்த மொத்தம்: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். மாகாணத்தின் மக்கள்தொகை ஒன்றேகால் கோடிக்கு மேல். அந்த மாணவர்களில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான். சேரிப் பிள்ளைகளுக்குத் திண்ணை ஏறவே வழியில்லை. வயலில் அளவுகோலைப் பிடித்து நடந்தவர், களத்தில் மரக்காலால் நெல்லை அளந்து போட்டவர் என்று உண்மையிலேயே அளக்கிற வேலையைச் செய்தவர்களில் பலருடைய பிள்ளைகள் வாசலுக்கு வெளியேதான். ஆக 'அந்தக் காலத்தில் எல்லாருக்கும் மனக்கணக்கு தெரியும்' என்பது முதல் அடியிலேயே இடிந்துவிடுகிறது. உள்ளே போன கொஞ்சம் பேருக்குள் தெரிந்தவனும் இருந்தான், தெரியாதவனும் இருந்தான்.

உள்ளே என்ன நடந்தது என்று பார்ப்போம். முதலில் மணல். தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத வேண்டும். எழுதும்போதே வாயால் சொல்ல வேண்டும். கை திருந்திய பிறகுதான் ஓலை, எழுத்தாணி. கணக்குக்கு எண்சுவடி. பெரிய பையன் ஒருவன், சட்டாம்பிள்ளை, ஒரு வரி சொல்வான், மற்றவர்கள் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். முழு எண் பெருக்கல், அப்புறம் பின்னம், அப்புறம் பின்னத்தைப் பின்னத்தால் பெருக்குவது. இதோடு பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று. பெயரிலேயே விஷயம் இருக்கிறது: பொன் நிறுக்க, நெல் அளக்க, நிலம் அளக்க. படித்து முடித்தவன் கணக்குப்பிள்ளை ஆகலாம், கடையில் உட்காரலாம், குறைந்தபட்சம் தன் வீட்டுக் களத்தில் ஏமாறாமல் இருக்கலாம்.

இந்த எண்சுவடிகளை வைத்து விரிவாக ஆராய்ச்சி செய்தவர் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு. 2022-ல் இதைப் பற்றி ஆங்கிலத்தில் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். மனப்பாடம் என்பது அங்கே தகவலைக் கொட்டி வைக்கிற குடோன் மட்டும் இல்லை, கற்றுக்கொள்ளும் முறையே அதுதான் என்பது அவர் வாதம். எனக்கு அதில் ரொம்பப் பிடித்த ஒரு நுணுக்கம்: எண்சுவடியில் ஒவ்வொரு வாய்பாட்டுக்கும் கடைசியில், அதிலுள்ள பெருக்குத்தொகைகளை எல்லாம் கூட்டினால் என்ன வரும் என்ற மொத்தமும் வரும். நம்ம ஏழாம் வாய்பாட்டில் 7-லிருந்து 70 வரை கூட்டினால் 385 வருகிற மாதிரி. சாஃப்ட்வேர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அது செக்சம். ஓலையைப் பார்த்து எழுதும்போது ஒரு எண் தப்பினால் மாட்டிக்கொள்ளும்.

இப்போது அந்தக் கணக்கின் உள்ளே கொஞ்சம் போவோம், ஏன்னா நம்ம பையனுக்கு எது உதவியது, எது உதவாது என்பது அங்கேதான் இருக்கிறது.

அரை, கால், அரைக்கால், மாகாணி. அதாவது 1/2, 1/4, 1/8, 1/16. ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி. இது ஒரு வரிசை. இன்னொரு வரிசை நாலு மாவில் தொடங்கும். நாலு மா 1/5, இரண்டு மா 1/10, மா 1/20, அரை மா 1/40, காணி 1/80, அரைக்காணி 1/160, முந்திரி 1/320. மறுபடியும் ஒவ்வொன்றும் பாதி. (ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காடு நிறைய. அங்கே பிறந்த பையனுக்கு முந்திரி ஒரு எண்ணின் பெயரும்கூட என்று தெரியும்போது என்ன குஷியாக இருந்திருக்கும்!) பள்ளிப் புத்தகத்தில் பின்னம் என்றால் மேலே ஒரு எண், கீழே ஒரு எண், நடுவில் கோடு, பொது வகுத்தி கண்டுபிடி, மீ.சி.ம. எடு. திண்ணையில் பின்னத்துக்கு முதலில் தெரிய வேண்டியது ஒரே ஒரு செயல்தான்: பாதியாக்கு.

அதிலும் மாகாணி என்ற சொல்லைப் பாருங்க. மா, காணி. 1/20-ம் 1/80-ம் சேர்ந்தால் 5/80, அதாவது 1/16. சொல்லே கூட்டல் கணக்கு! இந்த இரண்டு வரிசையும் எங்கே சந்திக்கிறது என்பதைப் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு ஆபீஸில் நாலு பேரிடம் சொன்னேன், ஒருத்தருக்கும் உற்சாகம் வரவில்லை. உங்களுக்காவது வரும் என்று நம்புகிறேன்.

இந்தப் பின்னங்கள் காற்றில் தொங்கவில்லை. நிலத்தில் ஒரு வேலிக்கு 20 மா. மா என்பது இருபதில் ஒரு பங்கு என்பதை வயலில் நின்றே பார்த்துவிடலாம். கொள்ளிடக் கரையில், டெல்டாப் பக்கம், நிலத்தை மா கணக்கில் சொல்கிற பெரியவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே வேலியை மா, காணி, முந்திரி, அதற்கும் கீழே கீழ்முந்திரி என்று இறக்கி நிலத்தை எழுதியிருக்கிறார்கள். தானியத்துக்கு இன்னொரு ஏணி: 5 செவிடு ஒரு ஆழாக்கு, 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு நாழி, அதாவது படி. 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். ஆழாக்கிலிருந்து தூணி வரை எல்லாமே இரட்டிப்பு. இதற்கெல்லாம் வீட்டில் பாத்திரமே இருந்தது. அதாவது எண்ணுக்கு ஒரு எடை இருந்தது, கையில் தூக்கிப் பார்க்கலாம்.

எழுதும் முறையிலும் ஒரு விஷயம். 205 என்ற எண்ணைப் பழைய தமிழ் முறையில் ௨௱௫ என்று எழுதுவார்கள். இரண்டு, நூறு, ஐந்து. வாயால் எப்படிச் சொல்கிறோமோ அப்படியே. சுழியோடு, இடமதிப்போடு எழுதுவது தமிழ் அச்சுப் புத்தகங்களில் பரவியது 19-ஆம் நூற்றாண்டில்தான். இடமதிப்பு மகா பெரிய கண்டுபிடிப்பு, அது இல்லாமல் நம்ம வேலையே இல்லை. ஆனால் கணக்கில் சிரமப்படும் பிள்ளைகளிடம் 'இருநூற்று ஐந்து எழுது' என்று சொல்லிப் பாருங்கள். 2005 என்று எழுதுவார்கள். 200 எழுதி, பக்கத்தில் 5. காதில் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். உலகம் முழுக்க டீச்சர்கள் பார்த்துச் சலித்த தப்பு இது. ௨௱௫ என்று எழுதிய பையனுக்கு இந்தத் தப்பைச் செய்ய வாய்ப்பே இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, 'அப்போ திண்ணைதான் சூப்பர், மறுபடியும் கொண்டு வாங்கடா' என்று வாட்ஸப்பில் ஃபார்வர்டு போட்டுவிடாதீர்கள். இனிமேல்தான் கசப்பான பகுதி.

1823-ல் பெல்லாரி கலெக்டர் ஏ.டி.கேம்ப்பெல், மன்றோ கேட்ட கணக்குக்கு நீளமான பதில் ஒன்று அனுப்பினார். பெல்லாரி தெலுங்கு, கன்னடப் பகுதி, நம்ம ஊர் இல்லை. ஆனால் திண்ணை வாழ்க்கை பெரிய வித்தியாசம் இல்லாதது. காலையில் முதலில் வருகிற பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள். இரண்டாவது வருகிறவனுக்குச் சுழி. பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாவது ஆளுக்கு மெதுவாக ஒரு அடி. நாலாவது ஆளுக்கு இரண்டு. அப்படியே ஏறிக்கொண்டே போகும். யோசித்துப் பாருங்கள், முப்பதாவதாக வருகிறவன் நிலைமை. அதே கேம்ப்பெல், பிள்ளைகள் செய்யுள்களைப் பொருள் தெரியாமல் கிளி மாதிரி ஒப்பிக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். இது தாமதத்துக்குக் கிடைத்த தண்டனை. பாடம் வராதவனுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. கோதண்டம் என்றால் விட்டத்துக் கயிற்றைப் பிடித்துத் தொங்க வேண்டும். ராமன் கையிலிருந்த வில்லின் பெயரைத் தண்டனைக்கு வைத்திருக்கிறார்கள், என்ன ரசனையோ.

இப்போது நம்ம பையனை அங்கே உட்கார வைப்போம். அவன் கோரஸில் நன்றாகவே பாடியிருப்பான். ஏன் என்பதற்கு இன்றைய மூளை ஆராய்ச்சியில் பதில் இருக்கிறது. பிரான்சில் ஸ்டானிஸ்லாஸ் டஹேன் 1990களில் முன்வைத்த விளக்கம் இது: பெருக்கல் வாய்பாடு நமக்குள் பாட்டு வரி மாதிரி, மொழியாகத்தான் உட்காருகிறது. எது பெரிது, எது சிறிது, எவ்வளவு என்ற அளவுணர்வு வேறு ஒரு ஏற்பாடு. ஆக ஒரு பிள்ளைக்கு ஐயேழு முப்பத்தைந்து என்று சொல்ல வரும். ஆனால் முப்பத்தைந்து என்பது நாற்பதுக்குப் பக்கத்திலா, இருபதுக்குப் பக்கத்திலா என்று கேட்டால் தடுமாறும். கோரஸ் இந்தப் பையனைக் காப்பாற்றவும் செய்தது, ஒளித்தும் வைத்தது. தனியாக எழுப்பி நடுவிலிருந்து கேட்கும் வரை யாருக்கும் தெரியாது. கேட்டவுடன் பிரம்பு.

இந்தச் சிரமத்துக்கு டிஸ்கால்குலியா என்று பெயர். பிராட்டிஸ்லாவாவைச் சேர்ந்த உளவியலாளர் லாடிஸ்லாவ் கோஷ்ச் 1974-ல் எழுதிய கட்டுரை இதை ஒரு தனிப் பிரச்சினையாக நிறுத்தியது. பொதுவான அறிவுத்திறன் சரியாக இருக்கும், எண் மட்டும் பிடிபடாது. எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கும் என்பதற்கு ஆய்வுகள் பெரும்பாலும் 3 முதல் 7 சதவீதம் வரை சொல்கின்றன. முப்பது பேர் உட்கார்ந்த திண்ணையில் ஒருவனாவது, இல்லை இரண்டு பேர், என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது இது கால்குலேட்டர் கெடுத்த தலைமுறையின் வியாதி இல்லை. கால்குலேட்டருக்கு முன்னாலும் அவன் இருந்தான், மக்கு என்ற பெயரில்.

பிரம்பு ஏன் வேலை செய்யாது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மனதில் 47-ம் 38-ம் கூட்டுகிறீர்கள். 7-ம் 8-ம் பதினைந்து, ஐந்தை வைத்துக்கொள், ஒன்றை மனதில் பிடி, நாலும் மூணும்... இந்தப் 'பிடித்துக்கொள்'தான் ஒர்க்கிங் மெமரி. ஹார்ட் டிஸ்க் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ரேம் சின்னதுதான் எல்லாருக்கும். அமெரிக்காவில் மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் இருவரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வு, கணக்கு மீதான பயம் அதே ரேமைத்தான் தின்கிறது என்று காட்டியது. பயந்துகொண்டே கணக்குப் போடுகிற பிள்ளை, பின்னணியில் ஒரு பெரிய புரோகிராம் ஓடுகிற சிஸ்டம் மாதிரி. நீங்கள் அதை அதட்டினால் இன்னும் ஹேங் ஆகும். இதில் ஸ்டாப்வாட்ச் வைத்து நடத்துகிற மனக்கணக்குப் போட்டிகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். பிரம்பு போய் பஸ்ஸர் வந்திருக்கிறது.

திண்ணையில் இன்னொரு நல்ல விஷயம் இருந்தது, அதை நம்மைவிட வெள்ளைக்காரர் ஒருவர் சீக்கிரம் கவனித்தார். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1789-லிருந்து சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தை நடத்தினார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, தன் இல்லத்திலும் அதைக் கொண்டுவந்தார். கொஞ்சம் தெரிந்த பையன் தெரியாத பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே வளர்த்தார். 1797-ல் இங்கிலாந்தில் அதைப் புத்தகமாகப் போட்டார். அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் பரவியது. கேம்ப்பெல்லும் இந்தச் சட்டாம்பிள்ளை ஏற்பாட்டை இங்கிலாந்து காப்பியடித்தது நியாயம்தான் என்று பாராட்டுகிறார். ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை சொல்லித்தருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கீழே வருகிறேன்.

அப்புறம் எண்சுவடி எங்கே போனது? ஒரே நாளில் சாகவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அரசு மானியம் வேண்டுமென்றால் பிள்ளைகள் இன்ஸ்பெக்டர் முன்னால் பாஸாக வேண்டும் என்று வந்தது. பாஸுக்கு இவ்வளவு காசு. திண்ணை வாத்தியாரும் பாவம், இன்ஸ்பெக்டர் கேட்பதைச் சொல்லித்தர ஆரம்பித்தார். கோரஸ் நின்றது, பிரம்பு நின்றது, மரக்காலும் குழியும் பாடத்திலிருந்து மெல்லக் கழன்றன. இதில் நின்றது என்றால் நிலைத்தது என்று அர்த்தம், மாற்றிப் புரிந்துகொள்ளாதீர்கள். கடைசி ஆணி தசம முறை. 1957 ஏப்ரல் 1-ல் ரூபாய்க்கு 16 அணா போய் 100 நயா பைசா வந்தது. அதுவரை ஒரு அணா என்பதே மாகாணி ரூபாய், இரண்டு அணா அரைக்கால் ரூபாய். அடுத்த சில வருஷங்களில் கிலோவும் லிட்டரும் வந்தன. நாட்டுக்கு அது தேவைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அடுப்படியிலும் களத்திலும் கடையிலும் பாதியாக்கிப் பாதியாக்கிப் பழகிய எண்கள் அன்றைக்குச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டன.

இதையெல்லாம் நான் தோண்டியதற்குக் காரணம் என் அக்கா பையன். அரியலூரில் இருக்கிறான், நாலாவது படிக்கிறான். கதை சொல்வதில் கெட்டிக்காரன், கிரிக்கெட் ஸ்கோர் தவிர வேறு எந்த எண்ணோடும் பேச்சுவார்த்தை இல்லை. போன வருஷம் திருச்சியில் மதிப்பீடு செய்து டிஸ்கால்குலியா என்று சொன்னார்கள். சனி, ஞாயிறு வீடியோ காலில் பத்து பத்து நிமிஷம் நானும் அவனும் கணக்குப் பழகுகிறோம். ஆரம்பத்தில் ஒருநாள் கேட்டான்: "மாமா, தொண்ணூறுல நூறு இருக்கே, அப்புறம் ஏன் அது நூறைவிடக் கம்மி?" நான் வாயடைத்துப்போனேன். எழுபது, எண்பது வரை ஒழுங்காக வந்த தமிழ், தொண்ணூறில் அப்படியே கோணிக்கொள்கிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரம் இருக்கிறது. நமக்கெல்லாம் பழகிப்போய்க் காதில் விழாத பள்ளம் அது. அவன் அதில் விழுந்து எழுந்து கேட்கிறான். அவனை எப்படி மக்கு என்பது?

திண்ணையிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது கொஞ்சம். முதலில் பாத்திரம். அம்மா வீட்டுப் பரணில் படி, உரி, உழக்கு, ஆழாக்கு நாலும் கிடந்தன. அரிசியை வைத்துக்கொண்டு அவனே அளந்தான். ஒரு படியை உரியில் ஊற்றினால் எத்தனை தடவை? உழக்கில்? ஊற்றும் முன் 'எத்தனை வரும், சொல்லு' என்று மட்டும் கேட்பேன். சரியோ தப்போ, அரிசி பதில் சொல்லிவிடும், நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாதம் அரிசியைத் தவிர வேறு கணக்கே இல்லை. அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது, சமையல்கட்டெல்லாம் அரிசி. ஆனால் கால் என்பது அரையில் பாதி என்று அவன் கைக்குத் தெரிந்தது அப்போதுதான்.

இரண்டாவது ௨௱௫. ரகசிய எழுத்து என்று சொல்லிக் கொடுத்தேன், ரொம்பப் பிடித்துவிட்டது. 200 என்று ஒரு நீள அட்டை, 5 என்று ஒரு குட்டி அட்டை. முதலில் ரகசிய எழுத்தில் எழுதுவான். அப்புறம் நீள அட்டையின் கடைசிச் சுழி மேல் குட்டி அட்டையை வைத்து மூடினால் 205. சுழி எங்கே ஒளிந்துகொள்கிறது என்று அவனே காட்டுவான்.

வாய்பாட்டை விட்டுவிடவில்லை. ஆனால் முழுக்கோரஸ் வேண்டாம் என்று முடிவு செய்தோம். 2, 5, 10 மட்டும் முதலில். ஆறேழு வேண்டுமென்றால் ஐயேழு முப்பத்தைந்து, அதோடு இன்னொரு ஏழு. முப்பத்தைந்தை மனதில் பிடிக்காதே, பேப்பரில் எழுதிக்கொள். விரலை மடக்கு, தப்பே இல்லை. மனக்கணக்கு என்றால் கையைக் கட்டிக்கொண்டு போட வேண்டும் என்று யார் சொன்னது?

நான் மேலே சொன்ன சட்டாம்பிள்ளை விஷயம்: பக்கத்து வீட்டில் ஆறாவது படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். வார நாட்களில் அவள்தான் அவனோடு உட்காருகிறாள். முறை வைத்துக்கொண்டு அவள் ஒன்று கேட்டால் அவன் ஒன்று கேட்பான். அவள் தப்பாகச் சொல்கிற நாளில் அவனுக்குக் கிடைக்கிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்! என்னிடம் தப்பு செய்ய அவன் இன்னும் கூச்சப்படுகிறான், அவளிடம் கூச்சமே இல்லை. ஆண்ட்ரூ பெல் எழும்பூரில் கண்டதை ரெண்டு பிள்ளைகள் அரியலூர்த் திண்ணையில் தினமும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

எட்டு மாதம் ஆகிறது. ஏழெட்டு எவ்வளவு என்றால் இன்றைக்கும் விரலைத்தான் பார்க்கிறான். ஆனால் 205-ஐ 2005 என்று எழுதுவது நின்றுவிட்டது. இந்தத் தடவை நிஜமாகவே நின்றுவிட்டது. போன மாதம் கடையில் 98 ரூபாய் என்றதும் நூறைக் கொடுத்துவிட்டு "ரெண்டு ரூபா தாங்கண்ணே" என்று கேட்டானாம். அக்கா போன் போட்டு அழுதாள்.

இதே மாதிரிப் பிள்ளை வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று, டிஸ்கால்குலியாவும் அதில் வரும். முறையான சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. அடிக்கிறார்கள் என்றால், 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 'நாங்கல்லாம் அடி வாங்கித்தான் படிச்சோம்' என்று யாராவது சொன்னால் இந்த எபிசோட் லிங்க்கை அனுப்புங்கள், சண்டை போட வேண்டாம்.

அடுத்த வாரம் காரிநாயனாரின் கணக்கதிகாரம். பலாப்பழத்தை வெட்டாமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்லும் கணக்கு அதில் இருக்கிறது: காம்பைச் சுற்றியிருக்கும் முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். சீசன் பார்த்து ரெண்டு பழம் வாங்கி வைத்திருக்கிறேன். முள்ளை எண்ணப் போவது நான் இல்லை, அரியலூரிலிருந்து ஒருத்தன் லீவுக்கு வருகிறான்.